நாலு பேணிக்கு ஒரு கரண்டி: யாழ் ரவுணிலை ஒரு சப்ளிமென்ற் கடை

முதலிலை நல்லதைச் சொல்லிவிடுறன். கடைக்குள்ளை ஏசி வேலை செய்யுது. பங்குனி வெயிலுக்கை நடந்து வந்து உள்ளுக்கை ஏறினால் அதுவே பெரிய புண்ணியம். சாமான் வடிவா அடுக்கிக் கிடக்கு, எல்லாத்திலையும் விலை ஒட்டியிருக்கு, பேரம் பேசி மூச்சு வாங்கிற சோலி இல்லை. நிக்கிற பெடியன் மரியாதையானவன். "வாங்கோ அக்கா, இருங்கோ" எண்டு கதிரை இழுத்துப் போட்டவன். சைக்கிள் விடவும் முன்னுக்கு இடமிருக்கு. இதுகளுக்கு 5 இலை 5.

இனிக் கதைக்கு வாறன்.

நான் ஒரு பாமசியிலை 17 வருசமா மருந்து குடுக்கிறனான். ஜிம் இருக்கிற பக்கம் தலை வைச்சும் படுக்கிறேல்லை. கடைக்குப் போனது பெறாமகனாலை. அக்காவின்ரை மூத்தவன், 22 வயது. கொக்குவிலிலை தகரக் கொட்டில் ஒண்டுக்கை நாலைஞ்சு பெடியளோடை சேர்ந்து குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் பழகிறான். எம்.எம்.ஏ. எண்டு அவன் சொல்லுவான். அடிபாடு எண்டு அக்கா சொல்லுவா. அமெரிக்காவிலை சனி இரவு நடக்கிற யூ.எஃப்.சி. எண்ட எம்.எம்.ஏ. போட்டி எங்கடை வீட்டிலை ஞாயிறு காலமை ஓடும். மடியிலை புட்டும் சம்பலும், ரீவியிலை ரத்தம். முதலிலை அருவருப்பா இருந்தது, இப்ப அவனை விட எனக்குத்தான் கூட விசர். ஆனால் அவன் பாக்கிறது அடியை. எனக்கு மண்டைக்குள்ளை ஓடுறது மருந்து. அவன் ஒரு பேரைச் சொன்னால், அந்த ஆள் எதிலை பிடிபட்டவர் எண்டுதான் எனக்கு முதல் ஞாபகம் வரும். தொழில் புத்தி, என்ன செய்யிறது.

"சின்னம்மா, புரோட்டீன் வாங்கோணும். நீங்களும் வாங்கோ, கள்ளச் சாமானோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ" எண்டு கேட்டவன். கொழும்பிலை ஒரு போட்டிக்குப் போகப்போறானாம், 66 கிலோப் பிரிவு. ஆள் அப்ப 71.

உள்ளுக்கை போனவுடனை கண்ணிலை படுறது காசு மேசைக்குப் பின்னாலை சுவர் முழுக்க ஒட்டியிருக்கிற யூ.எஃப்.சி. வீரர் ஜோன் ஜோன்ஸின்ரை படம். நான் சிரிச்சுப்போட்டன். பெடியன் அதைப் பாத்திட்டு, "இவர் வாழ்க்கையிலை தோத்ததே இல்லை அக்கா" எண்டான். பெறாமகன் விடுவானோ? "2009 இலை மற் ஹமிலோடை தோத்தவர் அண்ணை. மேலையிருந்து நேர கீழ முழங்கையாலை குத்தினது எண்டு தகுதிநீக்கம் செய்தவை" எண்டு திருத்தினான். அது ஒரு பக்கம் கிடக்கட்டும். நான் சிரிச்சதுக்குக் காரணம் வேறை. சப்ளிமென்ற் கடையிலை அந்தப் படத்தை மாட்டுறது, பாமசியிலை காலாவதியான மருந்தைக் கண்ணாடிக்குள்ளை வைச்சு விளக்குப் போடுற மாதிரி.

ஏனெண்டு சொல்லுறன். 2016 ஆடி 9, யூ.எஃப்.சி. 200. ஜோன்ஸுக்கும் டானியல் கோர்மியருக்கும் பெரிய போட்டி. மூண்டு நாளைக்கு முதல் ஜோன்ஸைத் தூக்கிப்போட்டினம். மூத்திரத்திலை இருந்தது குளோமிபீன், லெற்றோசோல். இந்த ரெண்டு குளிசையும் எங்கடை லாச்சியிலை பக்கத்துப் பக்கத்திலைதான் இருக்கு. பிள்ளை இல்லையெண்டு வாற பொம்பிளையளுக்குக் கருமுட்டை முதிர டொக்டர் எழுதிறது. சில பேர் துண்டை நாலா மடிச்சு, ஒருத்தரும் காணாமல் கையுக்கை வைச்சுத் தருவினம். அந்த மருந்து 93 கிலோச் சாம்பியனின்ரை உடம்புக்கை என்னத்துக்கு? ஸ்ரீரொயிட் ஏத்தின ஆம்பிளைக்கு உடம்பு தன்ரை ஹோர்மோனைச் சுரக்கிறதை நிப்பாட்டிப்போடும். திருப்பி ஸ்ராட் பண்ணத்தான் உதுகளைப் பாவிக்கிறது. ஆனபடியால் இந்தப் பேரைக் கண்டவுடனை சோதிக்கிறவைக்குச் சந்தேகம் அதாலைதான் போகும். ஜோன்ஸின்ரை கதை வேறை. கூடப் பயிற்சி எடுக்கிற ஒருத்தர் 'அந்த' விசயத்துக்கெண்டு குடுத்த குளிசையாம், தடாலபில் எண்டு நினைச்சுப் போட்டவராம். சோதிச்சுப் பாக்க, அந்தக் குளிசைக்குள்ளை உண்மையிலையே ரெண்டும் இருந்தது. விசாரிச்ச நடுவர் குழுவும் ஆள் தெரிஞ்சு செய்யேல்லை எண்டதை ஏற்றுக்கொண்டது. எண்டாலும் ஒரு வருசம் தடை. ஏனெண்டால் உடம்புக்கை என்ன போகுதெண்டதுக்கு வீரர்தான் பொறுப்பு. தந்தவனும் இல்லை, வித்தவனும் இல்லை.

அதே யூ.எஃப்.சி. 200 இலை புரொக் லெஸ்னர் மார்க் ஹன்ட்டை வெண்டவர். சண்டை முடிஞ்சாப் பிறகு முடிவு வந்தது, அவருக்கும் குளோமிபீன். வெற்றி அழிஞ்சு 'முடிவில்லை' எண்டு போச்சு. போட்டி நடந்த நெவாடா மாநிலத்தின்ரை விளையாட்டு ஆணையம் ஒரு வருசத் தடையும் இரண்டரை லட்சம் டொலர் தண்டமும் போட்டது. ஹன்ட் வாங்கின அடி மட்டும் அழியேல்லை.

சரி, கடைக்கு வருவம்.

2.27 கிலோ வே புரோட்டீன் பேணி 34,500 ரூபா. பெறாமகனின்ரை முகம் வாடிப்போச்சு. அவன் காலமை பத்திரிகை போட்டு, பின்னேரம் ஒரு கடையிலை கணக்கு எழுதி உழைக்கிற பெடியன். கடைப் பெடியனுக்கும் பெடியனின்ரை கஷ்டம் தெரியும்தானே. "பிரச்சினையில்லை தம்பி, சில்லறையாவும் தருவம். ஒரு கரண்டி 550. எல்லாரும் அப்பிடித்தான் எடுக்கிறவை" எண்டு சொல்லி மேசைக்குக் கீழையிருந்து நாலு பேணியைத் தூக்கி மேலை வைச்சான். சொக்கிலேற் வே, வனிலா வே, உடம்பு வைக்கிற மாஸ் கெயினர், பிறகு ஜிம்முக்குப் போக முதல் குடிக்கிற பிறீ-வேர்க்அவுட். நாலும் திறந்தது. கரண்டி ஒண்டு.

எங்களுக்கு முன்னாலை நிண்ட ஒரு ஆளுக்குப் பிறீ-வேர்க்அவுட் ரெண்டு கரண்டி அளந்து பொலித்தீன் பைக்குள்ளை கட்டிக் குடுத்தவன். ரோசாப்பூ நிறத் தூள். அதே கரண்டியை மேசையிலை ஒரு தட்டுத் தட்டிப்போட்டு, சொக்கிலேற் பேணிக்குள்ளை விட்டான். மண்ணிறப் பவுடருக்கு மேலை ரோசாக் கோடு ஒண்டு. பாத்துக்கொண்டு நிண்ட எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு.

எங்கடை பாமசியிலை குளிசை எண்ணிற தட்டு ரெண்டு இருக்கு. ஒண்டு பென்சிலின் வகைக்கு மட்டும். அமொக்சிசிலின் எண்ணின தட்டிலை வேறை குளிசை எண்ணினால், ஒட்டிக் கிடக்கிற தூள் காணும், ஒவ்வாமை இருக்கிற ஒரு ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை நான் தட்டை மாத்திப்போட்டு வாங்கின ஏச்சு இண்டைக்கும் காதுக்கை கேக்குது. அதைப் பழகின கண்ணுக்கு இந்தக் கரண்டி சும்மா கரண்டியாத் தெரியேல்லை.

"தம்பி, ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு கரண்டி வைக்கலாமே?"

"எல்லாம் வயித்துக்கைதானே அக்கா போகுது."

வயித்துக்கை போறது சரி. அதுக்குப் பிறகு போத்திலுக்கை வாறதுதான் பிரச்சினை. சோதினைக்கு மாதிரி எடுக்கிறவை வந்தால், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், முன்னாலை நிண்டு பாக்கப் பாக்கத்தான் மூத்திரம் பெய்ய விடுவினம். குறைஞ்சது 90 மில்லிலீற்றர். அதை ஏ, பி எண்டு ரெண்டு போத்திலாப் பிரிச்சு, வீரருக்கு முன்னாலையே மூடி முத்திரை. ஏயிலை பிழை வந்தால் பியை உடைப்பினம். எங்கடை வீட்டிலை அப்பாவின்ரை சீனி வருத்தத்துக்கு மூத்திரம் சோதிக்கிற மாதிரி இல்லை இது.

அந்த இயந்திரங்கள் எவ்வளவு சின்னதைக் காணும் எண்டதுக்குத் திருப்பியும் சுவரிலை இருக்கிற ஆளிட்டைத்தான் போகோணும். 2017 ஆடியிலை ஜோன்ஸ் கோர்மியரை வெண்ட நேரம் எடுத்த மாதிரியிலை ருரினபோல் எண்ட ஸ்ரீரொயிட்டின்ரை எச்சம் வந்தது. பழைய கிழக்கு ஜேர்மனி தன்ரை விளையாட்டுப் பிள்ளையளுக்குக் குடுத்த மருந்து அது. வெற்றியும் போச்சு, பட்டமும் போச்சு, 15 மாதம் தடை. முடிஞ்சு திரும்பி வர, 2018 மார்கழியிலை எடுத்த மாதிரியிலை திருப்பியும் அதே எச்சம், ஒரு மில்லிலீற்றருக்கு 60 பிக்கோகிராம். அது புதுசா ஏத்தினதில்லை, பழசுதான் உடம்பிலை தங்கி நிண்டு விட்டு விட்டு வெளியிலை வருது எண்டு நிபுணர்மார் சொல்லிச்சினம். நெவாடா உடனை அனுமதி குடுக்கேல்லை. ஒரு கிழமை கூட இல்லாத நேரத்திலை முழுப் போட்டியையும் லாஸ் வேகாஸிலை இருந்து கலிபோர்னியாவிலை இங்கிள்வுட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவை. ஹோட்டலும் பிளேனும் புக் பண்ணின சனத்தின்ரை நிலையை யோசிச்சுப் பாருங்கோ. நல்லூர்த் தேரை முதல் நாள் இரவு மாவிட்டபுரத்துக்கு மாத்தினால் எப்பிடி இருக்கும்?

பிக்கோகிராம் எண்டது ஒரு கிராமை லட்சம் கோடியாப் பிரிச்சதிலை ஒரு பங்கு. ஒரு மில்லிகிராம் தூள் எண்டால் நூறு கோடிப் பிக்கோகிராம். பவுடருக்கு மேலை கிடந்த அந்த ரோசாக் கோட்டிலை எத்தினை மில்லிகிராம் இருந்திருக்கும்? நான் கணக்கிலை கொஞ்சம் மக்கு, எண்டாலும் இது விளங்கும்.

"பிறீ-வேர்க்அவுட்டிலை பிழையான சாமான் ஒண்டும் இல்லை அக்கா, கோப்பி மாதிரித்தான்" எண்டு பெடியன் சொன்னவன். அதிலை அரைவாசி சரி. கஃபீன் தடை இல்லை. பேணியைத் திருப்பிப் பாத்தன். ஒரு கரண்டிக்குள்ளை இருக்கிற பெரிய பங்கு 'தனியுரிமைக் கலவை' எண்டு ஒரே வரியிலை முடிஞ்சு போச்சு. என்னென்ன எண்டு பேர் இருக்கு, எது எவ்வளவு எண்டு இல்லை. முந்தி இந்த வகைப் பவுடருகளுக்கை டி.எம்.ஏ.ஏ. எண்ட ஊக்கி வாறது, லேபிளிலை அதை ஜெரேனியம் பூச்செடிச் சாறு எண்டு எழுதிறவை. பூவெண்டு நினைச்சுக் குடிச்சவன் போட்டியண்டு பிடிபட்டால் போச்சு. இந்தப் பேணியிலை அது இருக்கெண்டு நான் சொல்ல வரேல்லை. இல்லையெண்டு சொல்லவும் அந்த லேபிள் இடம் தரேல்லை. இலங்கை இறக்குமதிக்காரரின்ரை ஸ்ரிக்கரும் இல்லை. கேட்டதுக்கு, "கனடாவிலை இருந்து ஆள் வரேக்கை கொண்டுவாறது அக்கா, ஒறிஜினல்" எண்டான். கனடாவிலை இருந்து வந்தால் ஒறிஜினல் எண்ட நம்பிக்கை எங்கடை ஊரிலை சொக்கிலேற்றோடை துவங்கினது, இன்னும் முடியேல்லை.

ஒறிஜினலெண்டாலும் என்ன? யோயல் ரொமேரோ எண்ட யூ.எஃப்.சி. வீரர் 2016 துவக்கத்திலை பிடிபட்டவர். அவர் குடிச்சது கடையிலை வாங்கின ஒறிஜினல் சப்ளிமென்ற்தான். லேபிளிலை இல்லாத சாமான் உள்ளுக்கை இருந்தது. ஆறு மாதம் தடை. பேந்து செய்த கொம்பனிக்கு வழக்குப் போட்டு, 2019 இலை நியூஜேர்சி நீதிமன்றம் 2 கோடியே 74 லட்சம் டொலருக்கு மேலை குடுக்கச் சொல்லித் தீர்ப்புச் சொன்னது. ரிம் மீன்ஸ் எண்ட இன்னொரு வீரருக்கும் 2016 இலை அப்பிடித்தான், ஒஸ்ரரீன் எண்ட தசை வளர்க்கிற மருந்து, ஆறு மாதம் தடை. பிரேசில்க்காரர் ஜூனியர் டொஸ் சன்ரோஸின்ரை கதைதான் எனக்கு நித்திரை வராமல் செய்தது. அவரிலை வந்தது ஐதரோகுளோரோதயசைட். பிரஷர்க் குளிசை! எங்கடை கடைக்கு வாற அரைவாசிக் கிழடுகள் போடுறது. அங்கை பாமசியிலை ஓடருக்குக் கலந்து குடுக்கிற சப்ளிமென்ற் எடுத்தவர், அதுக்குள்ளை அது கலந்து போச்சு. என்ரை தொழில் செய்யிற ஒரு ஆளின்ரை கையிலை இருந்து வந்த பிழை. நாலு பேணிக்கு ஒரு கரண்டி எண்டதும் எனக்கு நெஞ்சு பதறினது இதாலைதான்.

பெடியனும் விடேல்லை. "சோதினைகாரருக்கும் பிழைக்கும் அக்கா. எங்கடை கிரிக்கெற் வீரர் குசல் பெரேராவைப் பிழையாத்தானே பிடிச்சவை?" சரியான கேள்வி. 2015 கடைசியிலை கட்டார் ஆய்வுகூடம் அவரிலை ஸ்ரீரொயிட் எண்டு சொன்னது, 2016 வைகாசியிலை ஐ.சி.சி. குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றது. இடையிலை ஒரு ரி-20 உலகக் கிண்ணம் போச்சு. அதை ஆரும் திருப்பிக் குடுக்கேல்லை. நான் அவனுக்குச் சொன்னது உப்புல் தரங்கவை. 2011 இலை தோள்மூட்டு நோவுக்கு ஆரோ குடுத்த மூலிகை மருந்தை நம்பி எடுத்தவர், அதுக்குள்ளை தடைப் பட்டியலிலை இருக்கிற பிரெட்னிசொலோன் இருந்தது. மூண்டு மாதம் தடை. இந்தக் கதையை நான் வீட்டிலை அக்காவுக்கும் சொல்லி வைச்சிருக்கிறன். ஏனெண்டால் அவ தன்ரை பெடியனின்ரை முழங்கால் நோவுக்குப் பரியாரியாரிட்டை பொடி வாங்கிறதெண்டு நிக்கிறா. எண்ணெய் பூசுங்கோ, பொடி வேண்டாம் எண்டு சொன்னனான். பரியாரியாரிலை எனக்கு மரியாதை இருக்கு. அவருக்குப் பொடி விக்கிறவனிலை இல்லை.

இதுவரைக்கும் நடந்ததுக்கு நான் 5 இலை 3 போட்டிருப்பன். அதுக்குப் பிறகு லாச்சி திறந்தது.

66 கிலோ எண்டு பெறாமகன் வாய் விட்டவன். "அஞ்சு கிலோவோ? சிம்பிள் தம்பி" எண்டு, காசு லாச்சிக்குக் கீழை லாச்சியிலை இருந்து சின்னச் சிப் பை ஒண்டை எடுத்தான். உள்ளுக்கை பத்து வெள்ளைக் குளிசை. பேர் இல்லை, திகதி இல்லை. "தண்ணி இறக்கிறது. நிறுக்கிறதுக்கு முதல் நாள் ரெண்டு." எனக்கு ஒரு பார்வையிலை தெரிஞ்சு போச்சு, ஃபியூரோசமைட் 40. இருதயம் களைச்சுக் கால் வீங்கின ஆக்களுக்கு, பொட்டாசியம் பாத்துப் பாத்துக் குடுக்கிறது. சாப்பாட்டையும் தண்ணியையும் நிப்பாட்டிப்போட்டு, ஜக்கெற் போட்டு வேர்க்க வேர்க்க ஓடுற ஒரு பெடியனுக்கு இதைக் குடுத்தால் பொட்டாசியம் விழும், இருதயத்தின்ரை துடிப்புக் குழம்பும். மற்றது, மூத்திரம் போக வைக்கிற மருந்து எல்லாம் தடைப் பட்டியலிலை இருக்கு, போட்டி இருந்தாலும் இல்லாட்டாலும். வேறை மருந்தைக் கழுவி மறைக்கிறதுக்குப் பாவிக்கிறவை எண்டதாலை.

அந்தப் பையைக் கையிலை வாங்கி, அவனுக்கு முன்னாலையே மேசையிலை வைச்சு, "தம்பி, இதை நான் துண்டில்லாமல் ஒருத்தருக்குக் குடுத்தால் எனக்கு வேலை இல்லை. நீர் எந்தத் துணிவிலை விக்கிறீர்?" எண்டு கேட்டன். ஆள் முகம் வெளிறிப்போச்சு. "அக்கா, நான் இஞ்சை சம்பளத்துக்கு நிக்கிறனான்" எண்டான். அதுக்குமேலை அவனோடை கதைச்சுப் பிரயோசனம் இல்லை. முதலாளி அண்டைக்குக் கடையிலை இல்லை.

பெறாமகன் தன்ரை பங்குக்கு ஒரு குண்டைப் போட்டான். "இறக்கினாலும், நிறுத்தாப் பிறகு ஒரு சேலைன் ஏத்தினால் சரிதானே சின்னம்மா?" எங்கடை ஊரிலை காய்ச்சல் வந்தாலும் சேலைன், களைச்சாலும் சேலைன், கலியாண வீட்டு அலைச்சல் முடிஞ்சாலும் ஒரு சேலைன். அதாலை அது மருந்தெண்ட எண்ணமே ஒருத்தருக்கும் இல்லை. பி.ஜே. பென்னைச் சொன்னன். ரெண்டு எடைப்பிரிவிலை யூ.எஃப்.சி. சாம்பியனா இருந்தவர். 2016 இலை படிவம் நிரப்பேக்கை தானே சேலைன் ஏத்தினது எண்டு எழுதிக் குடுத்தவர். நேர்மையாச் சொன்ன ஆளுக்கு ஆறு மாதம் தடை. வைத்தியக் காரணத்துக்கு ஆஸ்பத்திரியிலை ஏத்துறது வேறை. மற்றும்படி 12 மணித்தியாலத்துக்கு 100 மில்லிலீற்றருக்கு மேலை நாளத்துக்குள்ளை ஏத்தேலாது எண்டதுதான் இப்ப சட்டம். எங்கடை ஊர்ச் சேலைன் போத்தில் ஒண்டு 500.

"என்னை ஆர் சின்னம்மா சோதிக்கப் போகினம்?" எண்டு கேட்டவன். உண்மைதான். கொக்குவில் தகரக் கொட்டிலுக்கு இதுவரை ஒருத்தரும் போத்திலோடை வரேல்லை. ஆனால் உவன் கனவு காணுறது அந்த ஞாயிறு காலமை மேடையைத்தானே. 2015 ஆடியிலை இருந்து 2023 கடைசி வரை அங்கை யூசாடா எண்ட அமெரிக்க நிறுவனம் வருசம் முழுக்க, விடியக் காலமை வீட்டுக் கதவைத் தட்டி மாதிரி எடுத்தது. 2024 இலை இருந்து வேறை நிறுவனம் எடுக்குது. கதவு தட்டுறது நிக்கேல்லை. சட்டம் கொஞ்சம் இளகினது உண்மை. 2019 கார்த்திகையிலை, கலப்படத்தாலை வரக்கூடிய சில சாமானுக்கு ஒரு அளவு வைச்சு, அதுக்குக் கீழை வந்தால் குற்றமில்லை எண்டு ஆக்கினவை. அதுக்குக் கொஞ்சம் முதல் நேற் டயஸுக்கு வந்தது அப்பிடித்தான். மரக்கறிக்காரருக்கெண்டு செய்த சத்து மருந்து, அதுக்குள்ளை தடை மருந்தின்ரை சுவடு. தன்ரை பேரைக் கழுவித் தராட்டால் நியூயோர்க்கிலை நடக்க இருந்த சண்டைக்கு வரமாட்டன் எண்டு பகிரங்கமா எழுதிப்போட்டார். கழுவிக் குடுத்தவை, சண்டையும் நடந்தது. எனக்கு அந்த ஆளிலை அண்டைக்கிருந்து ஒரு மரியாதை. சமையலறையிலை நிண்டு கத்துற எங்கடை வீட்டு ஆம்பிளையளை விட நல்லாக் கத்தினவர்.

கடையிலை வாங்கக்கூடியது இருக்கோ எண்டு கேட்டால், இருக்கு. மேல் தட்டிலை வலப்பக்கம் மூண்டு வகைப் பேணியிலை 'இன்ஃபோர்ம்ட் ஸ்போர்ட்' முத்திரை இருந்தது. அது ஒவ்வொரு தொகுதியையும் விக்க முதல் தடை மருந்துக்குச் சோதிச்சது எண்டு அர்த்தம். பேணிக்கு அடியிலை இருக்கிற தொகுதி இலக்கத்தை அவையின்ரை தளத்திலை அடிச்சால் இருக்கோ இல்லையோ தெரியும். கடைக்குள்ளையே நிண்டு போனிலை அடிச்சுப் பாத்தன். ரெண்டு வந்தது. ஒண்டு வரேல்லை. முத்திரை இருந்தும் இலக்கம் வராத பேணி எங்கையிருந்து வந்தது எண்டு கேட்டன். "அதுவும் கனடா" எண்டான். இலக்கம் வந்த ரெண்டிலையும் இறக்குமதி ஸ்ரிக்கரும் இருந்தது, விலையும் 3,000 ரூபா கூட.

நாங்கள் ஒண்டும் வாங்கேல்லை. திரும்பி வரேக்கை திருநெல்வேலிச் சந்தையிலை ஒரு தட்டு முட்டை வாங்கினன். ஒரு கரண்டி வேயிலை 24 கிராம் அளவு புரதம். நாலு முட்டையிலையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 550 ரூபாயை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. அக்காவுக்குப் புழுகம் தாங்கேல்லை, "நான் முதலே சொன்னனான்" எண்டு அடுத்த நாள் காலமையே முட்டைக்கோப்பி அடிச்சு வைச்சிட்டா. பிள்ளைப்பெத்தவளுக்குக் குடுக்கிறதைத் தனக்குத் தருகினம் எண்டு அவன் முகத்தைச் சுளிச்சுக்கொண்டு குடிச்சான். கிலோவுக்கு நான் சொன்னது, இந்த முறை 70 கிலோப் பிரிவிலை போ எண்டு. ரெண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை.

போன கிழமை திருப்பி அந்தக் கடைக்குப் போனனான். சம்பளம் எடுத்த கையோடை, இலக்கம் வந்த பேணி ஒண்டை அவனுக்கு வாங்கிக் குடுப்பம் எண்டு. முதலாளி நிண்டவர், 40 வயது மதிக்கலாம், "நீங்கள்தானோ அந்தப் பாமசி அக்கா?" எண்டு கேட்டார். கோவிக்கேல்லை. கீழ் லாச்சியைத் தானே இழுத்துக் காட்டினார், பில் புத்தகம் மட்டும் கிடந்தது. வேறை எங்கையும் மாத்தி வைச்சாரோ எண்டு நான் தேடேல்லை. ஜோன்ஸ் அதே இடத்திலை நிக்கிறார். தொகுதி இலக்கம் வராத பேணியைத் தட்டிலை காணேல்லை. 37,500 குடுத்து மற்றதை எடுத்தன், பில்லும் தந்தார், பில்லிலை தொகுதி இலக்கத்தையும் எழுதித் தரச் சொல்ல எழுதினவர். பிடிபட்டால் காட்டுறதுக்கு அந்தத் துண்டும், பேணிக்கை மிச்சம் வைச்ச கொஞ்சப் பவுடரும்தான் உதவும் எண்டு பெறாமகனுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்.

சில்லறை வியாபாரம் இன்னும் நடக்குது. நாலு பேணிக்கும் இப்ப நாலு கரண்டி. மாறாமல் இருக்கப் பிடியிலை சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் எண்டு நூல் கட்டியிருக்கு. பெடியன் என்னைக் கண்டவுடனை பெருமையாத் தூக்கிக் காட்டினவன். நல்ல பிள்ளை. பிறகு ஒரு ஆளுக்குப் பிறீ-வேர்க்அவுட் அளந்து குடுத்திட்டு, சிவப்பு நூல் கரண்டியைத் தோளிலை கிடந்த துவாயாலை வடிவாத் துடைச்சான். அடுத்த ஆள் சொக்கிலேற் கேக்க, பச்சை நூல் கரண்டியை எடுத்து, அதே துவாயாலை அதையும் துடைச்சான்.

இப்போதைக்கு 5 இலை இரண்டரை. சில்லறையா எடுக்காதேங்கோ. ஞாயிறு பின்னேரம் பூட்டு.